ரத்தம் ஊறும் மருந்தைத் தந்த சுப்பாராவ்

கர்ப்பிணிப் பெண்களுக்கு ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன மஞ்சள் மாத்திரை கொடுக்கிறார்கள். அதன் பெயர் ஃபோலிக் அமிலம். சிறுநீரகம் கெட்டு, டயாலிசிஸ் செய்துகொள்பவர்களின் மருந்துச் சீட்டிலும் பல சமயம் அதே பெயர் இருக்கும். அவர்களுடைய ரத்தப் பரிசோதனைத் தாளில் பாஸ்பரஸ் என்று ஒரு வரியும் இருக்கும்.

அந்த மாத்திரைக்கும் இந்த வரிக்கும் பின்னால் ஒரே மனிதர் நிற்கிறார். அவர் சென்னையில் படித்தவர். பெயர் எல்லாப்பிரகத சுப்பாராவ்.

1895-ம் ஆண்டு ஜனவரி 12-ந் தேதி, ஆந்திர நாட்டில் பீமவரம் என்ற ஊரில் பிறந்தார். அந்தப் பகுதி அப்போது சென்னை ராஜதானியில் இருந்தது. தந்தை ஜகந்நாதம் வருவாய்த் துறையில் சிறு உத்தியோகம் பார்த்தவர். உடல்நலம் கெட்டு, வேலையை முன்னதாகவே விட்டுவிட்டார். வீட்டில் ஏழு குழந்தைகள். வறுமைக்குக் கேட்க வேண்டுமா?

பையனுக்குப் படிப்பில் மனம் செல்லவில்லை. பதின்மூன்று வயதில் வீட்டைவிட்டு ஓடினான். காசிக்குப் போய், யாத்திரை வருகிறவர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரனாகிவிடலாம் என்பது எண்ணம். தாயார் வெங்கம்மா விடவில்லை. மகனைத் திரும்ப அழைத்துவந்து, நகையை விற்றுப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இரண்டு முறை தோல்வி. சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்து, மூன்றாம் முறைதான் தேறினார்.

பிறகு சென்னை மாநிலக் கல்லூரி. அங்கே படிக்கும்போது ராமகிருஷ்ண மடத்தில் ஈடுபாடு வந்தது. துறவியாகிவிட விரும்பினார். தாயார் சம்மதம் கொடுக்கவில்லை. ஊருக்கு உதவ வேண்டுமானால் வைத்தியம் படிக்கலாமே என்று மடத்துப் பெரியவர்களே வழி காட்டினார்கள். சுப்பாராவ் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். நண்பர்களும், பின்னால் அவருக்குப் பெண் கொடுத்த கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தியும் செலவுக்கு உதவினார்கள். 1919-ல் சேஷகிரி என்ற பெண்ணுக்கும் அவருக்கும் திருமணம் நடந்தது.

அது காந்தியடிகளின் காலம். சுப்பாராவ் கதர் உடுத்தினார். அறுவைச் சிகிச்சைக் கூடத்துக்கும் கதர் அங்கியோடு போனார். பேராசிரியர் வெள்ளைக்காரர். அவருக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துப் பரீட்சையில் சுப்பாராவ் நன்றாகவே எழுதியிருந்தும், முழுப் பட்டமான எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை. அதைவிடச் சிறிய எல்.எம்.எஸ். பட்டம்தான் கிடைத்தது. சர்க்கார் மருத்துவ வேலைக்கு முயன்றார். அதுவும் கிட்டவில்லை. சென்னையில் டாக்டர் ஆசண்ட லட்சுமிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு கற்பிக்கும் ஆசிரியரானார்.

எட்டு நாளில் இரண்டு சாவு

அந்தக் குடும்பத்தை ஒரு நோய் பிடித்து ஆட்டியது. ஸ்புரூ என்று அதை டாக்டர்கள் சொல்வார்கள். கிராணி போன்ற வயிற்றுப்போக்கு நோய். தின்றது உடம்பில் ஒட்டாது. நாக்கு புண்ணாகும். ரத்தம் வற்றி உடல் வெளுத்துக்கொண்டே போகும். சுப்பாராவின் அண்ணனும் தம்பியும் எட்டு நாள் இடைவெளியில் அடுத்தடுத்து இறந்தார்கள். ஒரே வீட்டில் இரண்டு வாலிபப் பிள்ளைகள்!

அதே நோய் சுப்பாராவையும் பிடித்தது. ஆங்கில மருந்து எதுவும் கேட்கவில்லை. லட்சுமிபதியின் ஆயுர்வேத மருந்தில்தான் அவர் பிழைத்தார். தம்மைக் காப்பாற்றியது எது, சகோதரர்களைக் கொன்றது எது என்ற கேள்வி மட்டும் அவரை விடவில்லை. அமெரிக்கா சென்று ஆராய்ச்சி செய்யத் தீர்மானித்தார். மாமனாரும், காக்கிநாடா மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் தர்ம ஸ்தாபனமும் பணம் கொடுத்தார்கள்.

1920-களின் தொடக்கத்தில் கப்பலேறினார். அப்போது சேஷகிரி கர்ப்பிணி. ஆண் குழந்தை பிறந்து, ஒரு வயது நிறையுமுன்பே இறந்துபோயிற்று. தந்தை அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்க்கவே இல்லை. மனைவியையும் அவர் அதன் பிறகு பார்க்கவில்லை. இரண்டு மூன்று வருஷத்தில் திரும்பிவிடலாம் என்று போனவர், கடைசிவரை திரும்பவில்லை. உலகம் அவருக்குப் பட்ட கடனைப் பேசுகிறவர்கள், அந்தப் பெண்மணி கொடுத்த விலையை மறந்துவிடுகிறார்கள்.

பாஸ்டன் நகரில் ஹார்வர்டு சர்வகலாசாலை. அங்கே வெப்ப நாட்டு நோய்களைப் பற்றிய படிப்பில் சேர்ந்தார். உதவிச் சம்பளம் கிடையாது. அமெரிக்காவில் வைத்தியம் பார்க்க அவருக்கு உரிமையும் இல்லை. வயிற்றுப்பாட்டுக்காகப் பீட்டர் பென்ட் பிரிகாம் ஆஸ்பத்திரியில் இரவு வேலைக்குப் போனார். என்ன வேலை தெரியுமா? நோயாளிகளின் மல மூத்திரச் சட்டிகளைக் கழுவுவது. சென்னையில் டாக்டர் பட்டம் வாங்கியவர், இரவில் சட்டி கழுவிவிட்டுப் பகலில் பாடம் படித்தார். இந்த ஆஸ்பத்திரியின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கதையில் மறுபடியும் வரும்.

நீல நிறம் சொன்ன கணக்கு

படிப்பு முடிந்ததும், ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கே என்பவரின் ஆராய்ச்சிச் சாலையில் சேர்ந்தார். ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பது அந்நாளில் தொல்லை பிடித்த காரியம். முறைகள் இருந்தன. ஆனால் நம்பிக் கணக்குச் சொல்ல முடியவில்லை. 1925-ல் ஃபிஸ்கேயும் சுப்பாராவும் சுலபமான வழியை வெளியிட்டார்கள்.

ரத்தத்திலுள்ள புரதத்தை அமிலம் விட்டு முதலில் பிரித்துவிட வேண்டும். மிஞ்சும் தெளிந்த நீரில் மாலிப்டேட் என்ற உப்பையும் இன்னொரு ரசாயனத்தையும் சேர்க்க வேண்டும். நீல நிறம் தோன்றும். பாஸ்பரஸ் அதிகமானால் நீலம் கறுக்கும். குறைந்தால் வெளுக்கும். நிறத்தின் அடர்த்தியைக் கருவியில் பார்த்து அளவைச் சொல்லிவிடலாம். மருத்துவக் கல்லூரி மாணவர்கள் தலைமுறை தலைமுறையாகப் படித்த பாடம் இது. இன்று இயந்திரமே அளந்து கொடுத்தாலும், பெரும்பாலான கூடங்களில் அடிப்படை அதே மாலிப்டேட்தான்.

இந்த அளவினால் யாருக்கு லாபம்? சிறுநீரக நோயாளிக்குத்தான் முதல் லாபம்.

நாம் தின்னும் பால், பருப்பு, இறைச்சி, மீன், கொட்டைகள் எல்லாவற்றிலும் பாஸ்பரஸ் இருக்கிறது. உடம்புக்கு அது வேண்டும். மிஞ்சியதைச் சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும். நல்ல உடம்பில் 100 மில்லி லிட்டர் ரத்தத்துக்குச் சுமார் 2.5 முதல் 4.5 மில்லி கிராம் வரை இருக்கும். சிறுநீரகம் கெட்டவருக்கு அது ஏறிக்கொண்டே போகும். உடம்பெல்லாம் அரிப்பெடுக்கும். எலும்பிலுள்ள சுண்ணாம்புச் சத்து கரையும். எலும்பில் இருக்க வேண்டிய சுண்ணாம்பு ரத்தக் குழாய்களில் படியும். குழாய் கல்லாக இறுகும்.

டயாலிசிஸ் இயந்திரம் இதைக் கழுவாதா? கழுவும். ஆனால் கணக்குப் பாருங்கள். வாரம் மூன்று முறை, முறைக்கு 4 மணி நேரம் என்றால் 12 மணி நேரம். சொந்தச் சிறுநீரகமோ வாரத்தின் 168 மணி நேரமும் ஓயாமல் உழைத்தது. எனவே மீதியைச் சாப்பாட்டில்தான் சரிக்கட்ட வேண்டும். பாஸ்பரஸைக் குடலிலேயே கட்டிப் பிடிக்கும் மாத்திரையைச் சாப்பாட்டோடு சேர்த்து விழுங்கச் சொல்வதும் இதனால்தான். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து விழுங்கினால் அது பயன்படாது.

பாஸ்பரஸைத் தேடிய வழியிலேயே, தசைக்கு வலுக் கொடுக்கும் பொருள்களையும் ஃபிஸ்கேயும் சுப்பாராவும் கண்டார்கள். 1929-ல் அவர்கள் பிரித்தெடுத்த ஏ.டி.பி. என்பது உயிரணுக்கள் எல்லாம் செலவழிக்கும் சில்லறைக் காசு போன்றது. அதே ஆண்டு ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பவரும் அதைக் கண்டார். இந்தப் பெருமை எல்லாம் இருந்தும் ஹார்வர்டு சுப்பாராவுக்கு நிரந்தரப் பதவி தரவில்லை.

ஈரலில் ஒளிந்திருந்தது என்ன?

1926-ல் பாஸ்டனில் இன்னொரு அதிசயம் நடந்தது. ஒருவகை ரத்தசோகை வந்தவர்கள் யாரும் அதுவரை பிழைத்ததில்லை. அவர்களுக்கு மைனாட், மர்ஃபி என்ற இரு டாக்டர்கள் தினமும் அரை ராத்தல் ஈரல் கொடுத்தார்கள். நோயாளிகள் எழுந்து உட்கார்ந்தார்கள். ஈரலில் ஏதோ ஒன்று இருக்கிறது. அது என்ன? உலகமே தேடியது. சுப்பாராவும் தேடினார்.

இந்தியாவில் வேறொரு துப்புக் கிடைத்திருந்தது. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் டாக்டர் பம்பாய்க்கு வந்து, ரத்தம் வற்றிய கர்ப்பிணிகளைப் பற்றி ஆராய்ந்தார். ஈஸ்ட் சாறு கொடுத்தால் அவர்களுக்கு ரத்தம் ஊறியது. 1931-ல் அதை வெளியிட்டார். பெயர் தெரியாத அந்தச் சத்து ஈரலில் இருந்தது, கீரையிலும் இருந்தது. 1941-ல் அமெரிக்காவில் சிலர் டன் கணக்கில் பசலைக் கீரையை அரைத்து அதில் சிறிதளவு எடுத்தார்கள். இலையிலிருந்து வந்ததால் ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள்.

1940-ல் சுப்பாராவ் ஹார்வர்டை விட்டு, நியூயார்க் மாகாணத்தில் பேர்ல் ரிவர் என்ற ஊரிலிருந்த லெடர்லே மருந்துக் கம்பெனிக்குப் போனார். விரைவில் ஆராய்ச்சிப் பிரிவுக்கே தலைவரானார். அங்கே பெரும் கூட்டத்தை ஏவி ஃபோலிக் அமிலத்தைத் துரத்தினார். ஈரலிலிருந்து பிரித்தார்கள். அதன் அமைப்பைக் கண்டுபிடித்தார்கள். 1945-ல் ரசாயனப் பொருள்களைக் கொண்டே அதைச் செய்தும் காட்டினார்கள். டன் கணக்கில் கீரையும் ஈரலும் இனித் தேவையில்லை! கட்டுரைகளில் உதவியாளர்களின் பெயர்கள்தான் முன்னால் வந்தன. தலைவர் பின்னால் நின்றுகொண்டார்.

டாம் ஸ்பைஸ் என்ற டாக்டர் அதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சில நாட்களிலேயே புது ரத்த அணுக்கள் பிறந்தன. ஸ்புரூ நோயாளிகளுக்கும் கொடுத்தார்கள். நாக்குப் புண் ஆறியது. பசி எடுத்தது. வெளுத்த முகம் சிவந்தது. கால் நூற்றாண்டுக்கு முன் இந்த மருந்து இருந்திருந்தால், சுப்பாராவின் வீட்டில் அந்த இரண்டு பாடைகள் எழுந்திருக்கமாட்டா.

இதற்குப் பிறகு அவருடைய ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து மருந்துகள் வரிசையாக வந்தன. யானைக்கால் நோய்க்கு ஹெட்ரசான். குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயை முதன்முதலில் அடக்கிக் காட்டிய மருந்து. நோய்க் கிருமிகளைக் கொல்லும் ஆரியோமைசின். ஒவ்வொன்றையும் பற்றித் தனிக் கட்டுரை எழுதலாம்.

1948-ம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், அவர் படுக்கையில் இறந்து கிடந்தார். உறக்கத்தில் மாரடைப்பு. வயது 53.

சட்டி கழுவிய ஆஸ்பத்திரியில்

அதே 1948-ல்தான், அவர் ஒரு காலத்தில் மூத்திரச் சட்டி கழுவிய பிரிகாம் ஆஸ்பத்திரியில் செயற்கைச் சிறுநீரகம் ஓடத் தொடங்கியது. ஹாலந்து நாட்டு டாக்டர் கோல்ஃப் யுத்த காலத்தில் செய்த கருவியைத் திருத்தி அமைத்தது அது. 1960-ல் சியாட்டில் நகரில் டாக்டர் ஸ்கிரிப்னர் ரத்தக் குழாயில் நிலையாகக் குழாய் பொருத்தும் வழியைக் கண்டார். அதன் பிறகு, ஒரே நோயாளிக்கு ஆண்டுக்கணக்கில் டயாலிசிஸ் செய்ய முடிந்தது. செத்துப்போக வேண்டியவர்கள் பிழைத்திருந்தார்கள். ஆனால் எல்லோரும் காகிதம்போல் வெளுத்திருந்தார்கள்.

1967-ல் பிரிகாம் டாக்டர்கள் அதற்கு ஒரு காரணத்தைக் கண்டு எழுதினார்கள். ஃபோலிக் அமிலம் தண்ணீரில் கரையும் சத்து. இயந்திரம் ரத்தத்திலுள்ள கழிவைக் கழுவும்போது இதையும் கொஞ்சம் கழுவிவிடுகிறது. நோயாளிகளில் சிலருக்கு அந்தச் சத்தே குறைந்துபோயிருந்தது. சுப்பாராவின் மாத்திரை தேவைப்பட்டது.

அதனால் வெளிறல் முழுவதும் தீர்ந்ததா? இல்லை. பெரிய காரணம் வேறு. ரத்தம் உண்டாக்கு என்று எலும்பு மஜ்ஜைக்கு உத்தரவு போடும் எரித்ரோபாய்டின் என்ற சுரப்பு நீர், பெரும்பாலும் சிறுநீரகத்திலேயே பிறக்கிறது. சிறுநீரகம் கெட்டால் உத்தரவு போட ஆள் இல்லை. எத்தனை சத்து கொடுத்தாலும் மஜ்ஜை சும்மா இருக்கும். அமெரிக்காவில் 1989-ல் அந்தச் சுரப்பு நீரை ஊசியாகப் போட அனுமதி கிடைத்தது. அதுவரை மற்றவர் ரத்தத்தை ஏற்றுவதுதான் வழக்கம். ஊசி போட்டாலும் இரும்புச் சத்து இருந்தால்தான் ரத்தம் ஊறும். இயந்திரத்தின் குழாய்களிலும் பரிசோதனைக்கு எடுப்பதிலும் ரத்தம் வீணாவதால், இரும்பும் குறையும். வாயால் கொடுப்பது போதாமல் நரம்பில் ஏற்றுகிறார்கள்.

ரத்தசோகை ஒன்றாகத் தெரிந்தாலும் காரணம் பல என்பது சுப்பாராவ் வாழ்நாள் முழுதும் கண்ட உண்மை. அவருடைய ஃபோலிக் அமிலம்கூட, மைனாட்டின் நோயாளிகளுக்கு முழு மருந்து அல்ல. ஈரலில் அவர்களுக்கான சத்து பி-12 என்று, அவர் இறந்த ஆண்டிலேயே தெரியவந்தது.

வீடுகளில் இது புரிவதில்லை. டயாலிசிஸ் செய்யும் அப்பா வெளுத்துப்போனால், அன்புள்ள பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? பேரீச்சம்பழம் வாங்கி வருகிறார்கள். முருங்கைக்கீரை சூப் வைக்கிறார்கள். மாதுளைச் சாறும் பீட்ரூட் சாறும் பிழிகிறார்கள். களைப்பாக இருக்கிறதே என்று இளநீர் சீவிக் கொடுக்கிறார்கள். நல்ல உடம்புக்கு இவை நல்லவை. ஆனால் இவற்றில் பொட்டாசியம் மிகுதி. சிறுநீரகம் வேலை செய்யாதபோது பொட்டாசியம் ரத்தத்தில் ஏறினால், எந்த எச்சரிக்கையும் இல்லாமல் இதயம் நின்றுவிடலாம். ஆட்டு ஈரலோ பாஸ்பரஸ் களஞ்சியம்.

இதற்கு எதிரான தவறும் நடக்கிறது. டயாலிசிஸ் தொடங்குமுன் புரதத்தைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். தொடங்கிய பிறகும் அதே பத்தியத்தில் வைத்து, கஞ்சியும் ரசமுமாகக் கொடுத்து ஆளை இளைக்க வைத்துவிடுகிறார்கள். டயாலிசிஸ் தொடங்கியவருக்குப் புரதம் முன்னைவிட அதிகம் வேண்டும். உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளைக்கு ஒரு கிராமோ, அதற்குச் சற்று மேலோ தேவை. 60 கிலோ எடையுள்ளவருக்கு 60 முதல் 70 கிராம். புரதமும் பாஸ்பரஸும் கூடவே வருமே, என்ன செய்வது? முட்டையின் வெள்ளைக்கருவில் புரதம் உண்டு, பாஸ்பரஸ் மிகக் குறைவு. மஞ்சள் கருவில்தான் அதிகம். பருப்பிலுள்ள பாஸ்பரஸ் உடம்பில் பாதிபோலத்தான் சேரும். புட்டியில் அடைத்த கோலா பானங்களிலும் பெட்டியில் வரும் பதனிட்ட இறைச்சியிலும் சேர்க்கும் பாஸ்பரஸோ ஏறக்குறைய முழுதும் சேர்ந்துவிடும். எது எவ்வளவு என்பதை ஒவ்வொருவருக்கும் அவர் ரத்தக் கணக்கைப் பார்த்து டாக்டரும் உணவு ஆலோசகரும் சொல்வார்கள்.

சுப்பாராவின் நூற்றாண்டு விழாவையொட்டி 1995-ல் இந்திய சர்க்கார் தபால் தலை வெளியிட்டது. அமெரிக்காவில் ஒரு பூஞ்சைக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். ஆனால் டயாலிசிஸ் கூடங்களில் அவர் பெயரைச் சொன்னால் தெரிந்தவர் அபூர்வம்.

பொட்டாசியம் குறைவதற்காகக் காய்கறியைச் சிறிதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடச் சொல்கிறார்கள். அப்படிக் கொட்டும்போது பொட்டாசியத்தோடு ஃபோலிக் அமிலமும் போகிறது. மிச்சத்தில் கொஞ்சத்தை இயந்திரம் கழுவிக்கொண்டு போகிறது. அதனால்தான் டாக்டர் அந்த மஞ்சள் மாத்திரையை எழுதிக் கொடுக்கும்போது, டயாலிசிஸ் உள்ள நாளில் இயந்திரத்துக்குப் போகுமுன் வேண்டாம், முடித்துவிட்டு வந்து விழுங்குங்கள் என்கிறார்.